சிறுதொழில் தொடக்கமும் அறிவுசார் சொத்துரிமைப் பாதுகாப்பும்: சென்னையின் மேற்குப் புறநகர்

அறிவுசார் சொத்து என்பது மனித அறிவின் உழைப்பால் உருவாகி, சட்டத்தால் ஒருவருக்கு உரிமையாக்கப்படும் சொத்து ஆகும். கடையின் பெயர், பொருளின் உருவம், புதிய கருவி இயங்கும் முறை, வரைபடம், மென்பொருள், வெளியில் சொல்லாத கலவை விகிதம் ஆகியவை இதில் அடங்கும். நிலத்துக்குப் பத்திரமும் இயந்திரத்துக்கு பில்லும் வாங்கி வைக்கும் தொழில்முனைவோர் பலர், இந்தச் சொத்துக்கு மட்டும் எந்த ஆவணமும் இல்லாமலே தொழிலைத் தொடங்கிவிடுகின்றனர்.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் சிறுதொழில் தொடங்குபவர் எந்தெந்த உரிமையை, எந்த வேளையில், எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வுரிமைகளில் பலவற்றுக்கு அரசுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்வதால் ஏற்படும் இழப்போ, பின்னர் எவ்வளவு செலவழித்தாலும் ஈடுகட்ட முடியாததாக இருக்கலாம். ஆகவே எதை முதலில் செய்ய வேண்டும் என்பதே இப்பொருளில் முதன்மையான கேள்வி.

தொழிற் பின்னணி

சென்னையின் மேற்குப் புறநகர் நீண்ட காலமாகத் தொழில் வளர்ந்த பகுதியாகும். டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்தில் அமைந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவாயிற்று. பாடியில் வாகன உதிரிபாக நிறுவனங்கள் வளர்ந்தன. திருமுல்லைவாயலில் மகளிர் தொழிற்பேட்டையும், பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசையிலும் திருவள்ளூருக்கு அருகே காக்களூரிலும் சிட்கோ தொழிற்பேட்டைகளும் உள்ளன.

இப்பகுதிச் சிறுதொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்குள்ள லேத் பட்டறைகள், டை மற்றும் அச்சு தயாரிப்பவர்கள், வார்ப்பு மற்றும் முலாம் பூசும் கூடங்கள் பெரும்பாலும் பிறர் தரும் டிராயிங்கின்படி ஜாப் வொர்க் செய்பவை. பொருளின் மேல் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும்; பட்டறையின் பெயர் வெளியில் தெரியாது. அந்தப் பட்டறைக்காரர் ஒருநாள் தமது சொந்தப் பொருளைத் தமது பெயரிலேயே சந்தைக்குக் கொண்டுவர முற்படும்போது, “இது யாருடையது?” என்ற கேள்வி முதன்முறையாக எழுகிறது. அதற்கு விடை சொல்லும் ஆவணம் அவரிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவர் நிலை அமையும்.

உரிமையின் வகைகள்

இந்தியச் சட்டத்தில் அறிவுசார் சொத்து ஒரே உரிமை அன்று. ஒரே பொருளில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கலாம்.

1. வணிகக் குறி: பெயர், சின்னம், முத்திரை. 1999-ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து எத்தனை காலமும் வைத்துக்கொள்ளலாம்.
2. வடிவமைப்பு: பொருளின் கண்ணுக்குத் தெரியும் உருவமும் அழகும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் 10 ஆண்டுகள்; மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.
3. காப்புரிமை: புதிய பொருள் அல்லது செய்முறை. 1970-ஆம் ஆண்டுச் சட்டம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.
4. பதிப்புரிமை: எழுத்து, ஓவியம், வரைபடம், மென்பொருள். 1957-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்து, கலைப் படைப்புகளுக்குப் பொதுவாகப் படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும்.
5. புவிசார் குறியீடு: ஓர் ஊரின் பெயரோடு இணைந்த பொருளுக்குரிய கூட்டு உரிமை. 1999-ஆம் ஆண்டுச் சட்டம்.
6. தொழில் இரகசியம்: இதற்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தால் காக்கப்படுகிறது.

பேச்சு வழக்கிலும் செய்தித்தாள்களிலும் “காப்புரிமை” என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் கலந்து வழங்கப்படுகிறது. “கடைப் பெயருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால் அது வணிகக் குறியையே குறிக்கும். எந்த உரிமை தேவை என்று தெரியாமல் விண்ணப்பித்தால் பணமும் காலமும் வீணாகும்.

பெயரைக் காத்தல்: வணிகக் குறி

தொழில் தொடங்குபவரிடம் பரவலாகக் காணப்படும் தவறான எண்ணம், ஜி.எஸ்.டி. எண், உத்யம் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், நிறுவனப் பதிவு ஆகியவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் பெயரும் தமதாகிவிடும் என்பது. இவை எவையும் பெயருக்கு உரிமை தருவதில்லை. இணைய முகவரியை விலைக்கு வாங்குவதும் அவ்வாறே. பெயருக்கு உரிமை இரண்டு வழிகளில் மட்டுமே வரும்: ஒன்று, வணிகக் குறிச் சட்டப்படி பதிவு செய்தல்; மற்றொன்று, முந்திப் பயன்படுத்தி நற்பெயர் ஈட்டுதல்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது. வணிகக் குறிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பின்னர் வந்து பதிவு செய்தவரிடமிருந்து முன்பே தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரைக் காக்கிறது. ஆனால் “முன்பே பயன்படுத்தினேன்” என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே. முதல் பில், முதல் விளம்பர நோட்டீஸ், அச்சகத்தில் லேபிள் அடித்த ரசீது, தேதியுடன் கூடிய கடைப் பலகையின் படம் ஆகியவை அப்போது சான்றாகும். பெயர் அச்சிடப்படாத வெறும் சீட்டில் எழுதிக் கொடுத்த பில்லுக்கு அந்த வலிமை இல்லை. பதிவு செய்ய வசதியில்லாத காலத்திலும் இந்தத் தாள்களைச் சேர்த்து வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

பதிவு செய்ய விரும்புவோர் முதலில் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரோ அதே ஒலியுள்ள பெயரோ இருக்கிறதா என்று தேட வேண்டும். இத்தேடல் இலவசம். பலகை எழுதுவதற்கும் லேபிள் அச்சடிப்பதற்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எந்த வகுப்பில் பதிவு செய்கிறோமோ அதற்கே முதன்மைப் பாதுகாப்பு. தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறுதொழில் ஆகியோருக்கு இணையவழிக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பிறருக்கு 9,000 ரூபாய். பதிவகம் ஆட்சேபம் எழுப்பினால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பின்னர் பெயர் இதழில் வெளியாகும். நான்கு மாதங்களுக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லையேல் பதிவுச் சான்று கிடைக்கும். விண்ணப்பித்தவுடன் பெயருக்கு மேல் “டிஎம்” என்ற எழுத்துகளை இடலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் பதிவுக்குப் பின்னரே இட வேண்டும். முன்கூட்டி இடுவது சட்டப்படி தவறு.

எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது?

பொருளின் தரத்தையோ இயல்பையோ வெறுமனே வருணிக்கும் சொல்லுக்கு வலிமையான பாதுகாப்புக் கிடைப்பது அரிது. ஐ.டி.சி. நிறுவனம் தன் நூடுல்ஸின் “மேஜிக் மசாலா” என்ற பெயரை நெஸ்லே நிறுவனம் “மேஜிக்கல் மசாலா” என்று எடுத்துக்கொண்டதாக வழக்குத் தொடுத்தது. அச்சொற்கள் புகழ்ந்துரைக்கும் பொதுச்சொற்கள் என்று கருதிய சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பெருநிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், “சுத்தமான எண்ணெய்”, “சுவை ஊறுகாய்” போன்ற பெயர்களை நம்பிச் சிறுதொழில் இறங்குவது எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். பொருளோடு தொடர்பில்லாத புதுச்சொல்லே வலுவான குறி.

ஊர்ப் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலைமிட்டாய் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. பூந்தமல்லியில் காய்ச்சிய பால்கோவா எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது.

கொரோனில் வழக்கு

சென்னையைச் சேர்ந்த ஆருத்ரா இன்ஜினியர்ஸ் என்ற நிறுவனம், தொழிற்சாலை இயந்திரங்களைத் துப்புரவு செய்யும் வேதிப்பொருள்களுக்காக “கொரோனில்-213 எஸ்பிஎல்”, “கொரோனில்-92பி” என்ற குறிகளை 1993-இல் பதிவு செய்து, தொடர்ந்து புதுப்பித்து வந்தது. 2020-இல் கொரோனாத் தொற்றின்போது பதஞ்சலி நிறுவனம் “கொரோனில்” என்ற பெயரில் ஒரு மாத்திரையை அறிமுகம் செய்தது. சென்னை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2020 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தார். ஆகஸ்டில் பதஞ்சலி தரப்புக்குப் பத்து லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார். பதிவகத்தில் எளிதாகத் தேடிப் பார்த்திருக்கலாமே என்பதும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்டது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரியில் அந்த இடைக்காலத் தடையை நீக்கியது. பதிவு செய்யப்பட்டவை எண்ணும் எழுத்தும் சேர்ந்த கூட்டுக் குறிகள். “கொரோனில்” என்ற சொல் தனியே பதிவாகவில்லை. இருவருடைய பொருள்களும் வேறு வேறு என்பவை அங்கு முக்கியமாயின.

இவ்வழக்கில் இரண்டு பாடங்கள் உள்ளன. புதிய பெயர் சூட்டுமுன் தேடிப் பார்க்காதவர், எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் நீதிமன்ற வாசலில் நிற்க நேரிடும். பதிவு செய்பவரோ, எண்ணும் அலங்காரமும் சேர்ந்த முழு லேபிளை மட்டும் பதிவு செய்யாமல், உயிரான சொல்லைத் தனியாகவும் பதிவு செய்வது நல்லது.

உருவத்தைக் காத்தல்: வடிவமைப்பும் ஐம்பது என்ற எண்ணும்

அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் அறிந்திருக்க வேண்டிய சட்டப் பிரிவு ஒன்று உண்டென்றால், அது பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவு. ஒரு பொருளின் உருவம் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத் தக்கதாக இருந்தும் பதிவு செய்யப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அந்த உருவத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்களை இயந்திர முறையில் செய்தவுடன், அதன்மீது இருந்த பதிப்புரிமை அற்றுப்போகும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் புதிய அழகிய உருவத்தில் ஒரு மின்விசிறி மூடியைத் தாமே வரைந்து, டை செய்து, பதிவு செய்யாமலே நூறு மூடிகள் அடித்து விற்றுவிடுகிறார். அடுத்த தெருவில் ஒருவர் அதைப் பார்த்து அப்படியே அச்செடுத்தால், “வரைபடம் என்னுடையது” என்று பதிப்புரிமையைக் காட்டித் தடுப்பது கடினம். அப்போது போய் வடிவமைப்பைப் பதிவு செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஏற்கெனவே விற்பனைக்கு வந்த உருவம் சட்டத்தின் கண்ணில் புதியது அன்று. பதிவுக்கான அரசுக் கட்டணமோ தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 1,000 ரூபாய். ஒரு டை செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. அதை விற்பனைக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

கண்காட்சியும் விற்பனையைப் போன்றதே. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா நடத்தும் அக்மி இயந்திரக் கண்காட்சி இப்பகுதித் தொழில்முனைவோர் ஆவலுடன் எதிர்பார்க்கும் நிகழ்ச்சி. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் புதுப் பொருளை மேசைமேல் வைத்து, துண்டறிக்கை கொடுத்துவிட்டால் அது பொதுவெளிக்கு வந்துவிட்டது. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டும், நிபந்தனைகளுடன் சட்டம் சிறு சலுகை தருகிறது. எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது. வாட்ஸ்அப் குழுவிலும் யூடியூபிலும் படம் போடுவதும் வெளியீடுதான். எனவே விண்ணப்பம் முதலில், காட்சி பின்னர்.

வடிவமைப்புப் பதிவு கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டுமே. முற்றிலும் வேலைக்காகவே அமைந்த ஒரு பிராக்கெட்டின் வளைவுக்கோ கியரின் பல்லுக்கோ இது பொருந்தாது. இத்தகைய பொறியியல் வரைபடங்கள் பதிப்புரிமையில் சேருமா, வடிவமைப்பில் சேருமா என்ற பழைய குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் எதிர் ஐநாக்ஸ் வழக்கில் ஆராய்ந்தது. திரவ எரிவாயு ஏற்றும் டிரெய்லரின் வரைபடங்கள் பற்றிய வழக்கு அது. அந்தப் படைப்பு தூய கலைப்படைப்பா, தொழில்முறையில் பொருளாக்கப்பட்ட வடிவமைப்பா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அதன் முதன்மை நோக்கம் அழகா, பயன்பாடா என்று பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. பயன்பாடே முதன்மை என்றால், காப்புரிமையோ இரகசியமோதான் எஞ்சும் வழிகள்.

கண்டுபிடிப்பைக் காத்தல்: காப்புரிமை

காப்புரிமை பெற மூன்று தகுதிகள் வேண்டும்: உலகில் எங்கும் முன்பு வெளியாகாத புதுமை, துறை அறிந்தவர் எளிதில் யூகிக்க முடியாத படி முன்னேற்றம், தொழிலில் பயன்படும் தன்மை. தெரிந்த கருவிகளை வெறுமனே இடம் மாற்றிச் சேர்ப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் 3(எஃப்) பிரிவு கூறுகிறது. பட்டறையில் செய்யப்படும் பல நல்ல ஜிக்குகளும் ஃபிக்சர்களும் இந்த வரம்பில் நின்றுவிடுகின்றன.

கண்டுபிடிப்பு முழுமை பெறாத நிலையிலும் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியை உறுதி செய்துகொள்ளலாம். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். இந்த ஓராண்டில் மாதிரி செய்து, வாடிக்கையாளரிடம் காட்டி, பொருள் விலைபோகுமா என்று அறிந்துகொள்ளலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக் கோரிக்கைக்குத் தனியே 4,000 ரூபாய். ஆய்வுக் கோரிக்கையை 31 மாதங்களுக்குள் தர வேண்டும். விவரக்குறிப்பை எழுதுவது நுட்பமான வேலை என்பதால் காப்புரிமை முகவரின் கட்டணமே பெரும் செலவாகும். இந்தியாவில் வாழ்பவர் வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் முன் இங்கு விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் அல்லது முன் அனுமதி பெற வேண்டும்.

காப்புரிமைச் சான்று கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. மதுரையைச் சேர்ந்த ஒருவர், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகள் இயங்கும் கைப்பேசிக்கு 2008-இல் இந்தியக் காப்புரிமை பெற்றார். கைப்பேசி நிறுவனங்களுடன் வழக்கு நடந்தது. அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம், அக்காப்புரிமையை 2012-இல் நீக்கிவிட்டது. விண்ணப்பத்துக்கு முன் உலகில் வெளியான பழைய காப்புரிமைகளை நன்கு தேடிப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

வரைபடம், சின்னம், மென்பொருள்: யாருடையவை?

பதிப்புரிமை படைத்தவுடன் தானே பிறக்கும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் “யாருக்கு?” என்பதில்தான் பலர் ஏமாறுகின்றனர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தம் பணியின் பகுதியாகச் செய்த படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதலாளிக்கு உரியது. வெளியிலிருந்து பணம் கொடுத்து அமர்த்தப்பட்ட வடிவமைப்பாளரோ மென்பொருள் எழுதுபவரோ அப்படி அல்லர். லோகோ வரைந்ததற்குப் பணம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் மட்டும் உரிமை கைமாறிவிடாது. எழுத்தில் கையெழுத்திட்ட உரிமை மாற்றம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். இரண்டையும் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

காப்புரிமைச் சட்டத்தில் ஊழியரின் கண்டுபிடிப்பு தானாக முதலாளிக்குச் சேரும் என்ற பொது விதி இல்லை. வேலையில் அமர்த்தும் கடிதத்திலேயே இதைப் பற்றி ஒரு வரி இருப்பது இருவருக்கும் நல்லது.

ஜாப் வொர்க்கில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. வாடிக்கையாளர் தந்த டிராயிங் அவருடையது. அதைக் கொண்டு பொருள் செய்து மற்றவருக்கு விற்க முடியாது. ஆனால் வேலை செய்யும்போது பட்டறைக்காரர் ஒரு குறையைக் கண்டு, அளவை மாற்றி, மேம்பட்ட வடிவம் ஒன்றை உருவாக்கினால் அது யாருடையது? பர்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட நிபந்தனைகளில் இதற்கு விடை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். டையும் டிராயிங்கும் மேம்பாடுகளும் வாடிக்கையாளருக்கே என்று அதில் இருந்தால், கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர். கையெழுத்திடுமுன் படிப்பதும், தம்முடைய மேம்பாடு தமக்கே என்று ஒரு வரி சேர்க்கக் கேட்பதும் பட்டறைக்காரரின் உரிமை.

தொழில் இரகசியம்

முலாம் பூசும் தொட்டியின் வெப்பநிலை, ரப்பர் கலவையின் விகிதம், மசாலாப் பொடியின் அளவு, வாடிக்கையாளர் விலைப்பட்டியல் போன்றவற்றைப் பதிவு செய்ய இயலாது; பதிவு செய்தால் அவை வெளியாகிவிடும். இவை இரகசியமாக இருக்கும் வரையே மதிப்புள்ளவை. இந்தியாவில் இதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-இல் தன் 289-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்றைய நிலையில் எழுத்து ஒப்பந்தமே கைகொடுக்கும்.

பத்தாண்டு வேலை பார்த்த ஃபோர்மேன் விலகி, சற்றுத் தள்ளித் தனிப் பட்டறை தொடங்குவது தொழிற்பேட்டை வாழ்க்கையில் புதிதல்ல. அதைத் தடுக்க “வேலையை விட்டபின் இதே தொழில் செய்யக் கூடாது” என்று எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி இத்தகைய தடை பொதுவாகச் செல்லாது. ஒருவர் கற்ற கைத்தொழில் அவருடையது. அதைக் கொண்டு பிழைப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் குறிப்பிட்ட டிராயிங்கையோ கலவைக் குறிப்பையோ வாடிக்கையாளர் பட்டியலையோ எடுத்துச் செல்லக் கூடாது என்ற உடன்பாடு செல்லும். திறமை ஊழியருக்கு, தாள் நிறுவனத்துக்கு என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரகசியத்தை உண்மையிலேயே இரகசியமாக வைத்திருந்தார் என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். எல்லோர் கைப்பேசியிலும் கலவைக் குறிப்பை அனுப்பிவிட்டுப் பின்னர் இரகசியம் போயிற்று என்று வழக்குத் தொடுப்பது பயன் தராது.

செய்ய வேண்டிய வரிசை

1. பெயரைத் தேர்ந்தெடுக்குமுன் வணிகக் குறிப் பதிவகத்தில் தேடுதல்.
2. பலகை, லேபிள் அச்சிடுமுன் சொல்லுக்கு வணிகக் குறி விண்ணப்பம்.
3. லோகோ, இணையதளம், மென்பொருள் செய்பவரிடம் வேலை தொடங்குமுன் எழுத்தில் உரிமை மாற்ற உடன்பாடு.
4. மாதிரிப் பொருளை வெளியாருக்குக் காட்டுமுன் இரகசியம் காக்கும் உடன்பாடு.
5. விற்பனை, கண்காட்சி, இணையப் பதிவு ஆகியவற்றுக்கு முன் வடிவமைப்பு விண்ணப்பம். தகுதி இருந்தால் காப்புரிமைத் தற்காலிக விண்ணப்பம்.
6. முதல் பில்லிலிருந்தே பெயர் அச்சிட்டு, நகலைத் தேதி வாரியாகச் சேமித்தல்.
7. புதுப்பிக்கும் நாள்களைக் குறித்து வைத்தல்.

கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் பெயர், அடுத்து விற்பனைக்கு வரவிருக்கும் உருவம், பிறகு மற்றவை என்று முன்னுரிமை கொடுக்கலாம். மூன்று, நான்கு, ஆறு ஆகியவற்றுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை.

மீறல் நேர்ந்தால்

முதலில் சான்று சேர்க்க வேண்டும்: போலிப் பொருளை பில்லுடன் வாங்குதல், விளம்பரத்தைப் படமெடுத்தல். அடுத்து வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பலாம். ஆதாரமின்றி மிரட்டும் அறிவிப்பு அனுப்பினால் எதிர்த்தரப்பு அதற்கே வழக்குத் தொடுக்க இடமுண்டு என்பதால் நிதானம் வேண்டும். வணிக நீதிமன்றச் சட்டத்தின்படி, உடனடித் தடை கேட்காத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குச் செல்வது கட்டாயம். வணிகக் குறி, பதிப்புரிமை வழக்குகளைப் பாதிக்கப்பட்டவர் தாம் தொழில் செய்யும் ஊரின் எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். ஆவடிக்காரர் மும்பைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்ட பின் அதன் பணிகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது.

உதவி கிடைக்கும் இடங்கள்

கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அறிவுசார் சொத்துரிமைக் கட்டடத்தில் காப்புரிமை அலுவலகம், வணிகக் குறிப் பதிவகம், நாட்டுக்கே ஒன்றான புவிசார் குறியீட்டுப் பதிவகம் ஆகியவை உள்ளன. தென் மாநிலங்களின் காப்புரிமை, வணிகக் குறி விண்ணப்பங்கள் இங்கேயே கவனிக்கப்படுகின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் உள்ளது. புத்தொழில் நிறுவனங்களுக்கு முகவர் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. நடுவண் அரசின் சிறுதொழில் அமைச்சகமும் பதிவுச் செலவைத் திருப்பித் தரும் திட்டத்தை நடத்துகிறது. இச்சலுகைகளைப் பெற உத்யம் சான்று அல்லது புத்தொழில் அங்கீகாரம் தேவைப்படும். கட்டணங்களும் திட்ட விதிகளும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அரசு இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.

வரம்புகள்

பதிவு எதுவும் நாட்டின் எல்லையைத் தாண்டிச் செல்லாது; ஏற்றுமதி செய்பவர் அந்தந்த நாட்டில் தனியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த பெயரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பிறர் அதை நீக்கக் கோரலாம். எந்தச் சான்றும் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்க்காது. பொருளின் தரமும் நேரந்தவறாமையும்தான் அதைச் செய்யும். அந்தத் தரத்தால் ஈட்டிய பெயரை மற்றொருவர் எடுத்துக்கொண்டு போகாமல் காப்பதே இந்தச் சட்டங்களின் பணி. அதற்கான விண்ணப்பத்தைக் கடைத் திறப்பு விழாவுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்பது மட்டும் தொழில் தொடங்குபவரின் கையில் உள்ளது.